கியர் விழவில்லையா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கார் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. கிளட்சை முழுக்க மிதிக்கிறீர்கள். ஆனால் கியர் விழவில்லை. கியர் ராடு பாதி வழியில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அல்லது கரகரவென்று சத்தம் போட்டுக் கையைத் திருப்பித் தள்ளுகிறது. இந்த நேரத்தில் காதில் விழும் முதல் வார்த்தை பெரும்பாலும் "கியர்பாக்ஸ் போச்சு" என்பதுதான். பல சமயம் கியர்பாக்ஸில் ஒரு குறையும் இருக்காது. வெளியே இருக்கும் ஒரு ரப்பர் சீலோ, கேபிளோ, பிளாஸ்டிக் புஷ்ஷோதான் காரணமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வரிசையைக் கீழே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். மேனுவல் கார்களைப் பற்றித்தான் அதிகம். ஆட்டோமேட்டிக் கடைசியில் வரும்.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

இன்ஜினை நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

இன்ஜின் நிற்கும்போது எல்லா கியரும் சுலபமாக விழுகின்றன, ஓடும்போது மட்டும் விழவில்லை என்றால் கோளாறு கிளட்ச் பக்கம். பெடலை மிதித்தாலும் கிளட்ச் முழுக்க ரிலீஸ் ஆகவில்லை. இன்ஜினின் சுழற்சி கொஞ்சம் கியர்பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் உள்ளே பற்கள் ஒன்றோடொன்று சேர முடியவில்லை.

இன்ஜின் நிற்கும்போதும் விழவில்லை என்றால், ராடிலிருந்து கியர்பாக்ஸ் வரை போகும் கேபிளையோ லிங்கேஜையோ சந்தேகப்பட வேண்டும். கியர்பாக்ஸின் உட்புறம் அதற்கு அடுத்ததுதான். இங்கே ஒரு விஷயம்: நிற்கும் வண்டியில் பல்லுக்கு நேராகப் பல் வந்து முட்டிக்கொண்டால் நல்ல கியர்பாக்ஸிலும் ஒரு கியர் விழாமல் போகலாம். நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை ஒருமுறை விட்டு மிதித்து மறுபடி போடுங்கள். அப்போது விழுந்துவிட்டால் அது கோளாறு அல்ல.

மற்ற கியர்கள் எல்லாம் சரியாக விழுந்து முன் கியர்களில் ஒன்று மட்டும் மறுத்தால் கிளட்சைச் சந்தேகப்பட வேண்டாம். கிளட்ச் கெட்டால் எல்லா கியருக்கும் சேர்த்துத்தான் கெடும்.

கிளட்ச் ரிலீஸ் ஆகவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது: சமதளத்தில், முன்னால் யாரும் எதுவும் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கை இறுக்கமாகப் போடுங்கள். இன்ஜின் நிற்கும்போதே முதல் கியரில் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி சாவியைத் திருப்புங்கள். கிளட்ச் சரியாக இருந்தால் வண்டி அசையாமல் ஸ்டார்ட் ஆகும். முன்னால் இழுத்தாலோ குலுக்கினாலோ கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது: வண்டி ஐடிலில் ஓடட்டும், நியூட்ரலில் வையுங்கள். கிளட்சை மிதித்து ஐந்தாறு விநாடி காத்திருந்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங் (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமமாக்கும் வளையம்) கிடையாது. உள்ளே சுற்றும் ஷாஃப்ட் தானாக நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். அவ்வளவு நேரம் காத்திருந்த பிறகும் கரகரத்தால், ஷாஃப்டை நிற்க விடாமல் கிளட்ச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, கிளட்ச் பக்கம் என்று தெரிந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

காலடியிலிருந்து. மிதியடி மடங்கிப் பெடலுக்கு அடியில் போயிருக்கிறதா பாருங்கள். பெடல் கடைசிவரை போகாவிட்டால் கிளட்ச் முழுக்க ரிலீஸ் ஆகாது. புதிதாகத் தடிமனான மிதியடி வாங்கிப் போட்ட மறுநாளே இந்தப் பிரச்சினை தொடங்குவது உண்டு.

அடுத்தது பெடலின் உணர்வு. கையால் பெடலை மெதுவாக அழுத்திப் பாருங்கள். மேலே கொஞ்ச தூரம் எதிர்ப்பே இல்லாமல் போகும், அது ஃப்ரீ பிளே. பல கார்களில் இது 10 முதல் 20 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உங்கள் காருக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். இது மிக அதிகமாகிவிட்டால் பெடலின் பயணத்தில் பாதி வீணாகிவிடும், கிளட்சைத் தள்ள மீதிப் பயணம் போதாது. பெடலைத் தாங்கும் பிராக்கெட் விரிசல் விட்டிருந்தாலும் இதேதான் நடக்கும். டார்ச் அடித்து, ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். பிராக்கெட் வளைவது கண்ணுக்கே தெரியும்.

பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் ஹைட்ராலிக் லைனில், அதாவது கிளட்ச் ஆயில் போகும் குழாயில், காற்று. மிதித்த பெடல் தானாகத் திரும்பி வராமல் தரையோடு ஒட்டிக்கொண்டால் ஆயில் கசிவோ அறுந்த கேபிளோ. வழக்கத்தைவிட ரொம்பக் கனமாக இருந்தால் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கலாம், அல்லது கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் தேய்ந்திருக்கலாம்.

பெடலை நாலைந்து முறை பம்ப் செய்தால் கியர் விழுகிறது. அப்புறம் மறுபடி விழவில்லை. ஏன்?

இது ஹைட்ராலிக் கிளட்சின் தெளிவான அறிகுறி. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய், அது ஃபோர்க்கையும் ரிலீஸ் பேரிங்கையும் தள்ளிக் கிளட்சை விடுவிக்கிறது. ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும். லைனுக்குள் காற்று போய்விட்டால் நீங்கள் மிதிக்கும் மிதி காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். பம்ப் செய்யும்போது தற்காலிகமாக அழுத்தம் சேர்ந்து கியர் விழுகிறது.

காற்று சும்மா உள்ளே போகாது. எங்கோ கசிவு இருக்கிறது அல்லது டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறது. நான்கு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஆயில் டப்பாவின் மட்டம். இரண்டு, காருக்குள் பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டரின் ராடு வெளியே வரும் இடம்: விரலால் தடவினால் ஈரமாக இருக்கக் கூடாது. மூன்று, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை: மெதுவாக ஓரத்தை விலக்கினால் உள்ளே ஆயில் தேங்கியிருக்கக் கூடாது. நான்கு, இரண்டையும் இணைக்கும் ஹோஸ்.

வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை, ஆனாலும் பெடலை மிதித்துப் பிடித்திருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்திருக்கிறது. ஆயில் சீலைத் தாண்டி டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்கும்போது வண்டி தானாக ஊர ஆரம்பிப்பதும் இதனால்தான்.

சில கார்களில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே, ஷாஃப்டைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கும். அது கசிந்தால் சிலிண்டரைப் பார்க்க முடியாது. கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். இறக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுங்கள். கிளட்ச் செட் மாற்றும்போதும் இந்த சிலிண்டரைச் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

டப்பாவில் ஆயில் குறைவாக இருக்கிறது. நிரப்பிவிட்டு ஓட்டலாமா?

பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்சுக்குப் போகும் வாய் சற்று மேலே இருக்கும்படி அமைத்திருப்பார்கள். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச்தான் காற்றை இழுக்கும், பிரேக்குக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆக, கியர் விழாதது பிரேக் லைனில் உள்ள கசிவின் முதல் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். நிரப்பியது ஏன் குறைந்தது என்று தெரியாமல் அந்த வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலையே ஊற்றுங்கள். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 இருக்கும். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில், இவற்றோடு கலக்கக் கூடாது. சில கார்கள் கிளட்சுக்கு மினரல் ஆயில் கேட்கும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிப்போய் மொத்த லைனும் வீணாகும். இதை அழுத்திச் சொல்கிறேன்.

காற்றை வீட்டிலேயே எடுக்க முடியுமா?

இரண்டு பேர் இருந்தால் முடியும். ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள ப்ளீடர் நிப்பிளில் ஒரு தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயிலும் குமிழிகளும் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். இந்த வரிசை தவறினால் வெளியே போன காற்று திரும்பி வந்துவிடும். குமிழி வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இடையில் டப்பா காலியாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்த ஆயில் பெயிண்டை அரித்துவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே உள்ளே போங்கள்.

என் காரில் கேபிள் கிளட்ச். அதில் என்ன ஆகும்?

கேபிள் நீளும், உள் இழைகள் ஒவ்வொன்றாக அறும், உறை வழுக்காமல் பிடிக்கும். பெடல் நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே வந்திருந்தால் நீண்டிருக்கிறது. முனையில் உள்ள நட்டைத் திருகி ஃப்ரீ பிளேயைச் சரி செய்தால் போதும். முனையில் இழைகள் பிரிந்து நிற்பது தெரிந்தால் அட்ஜஸ்ட் செய்து காலம் தள்ள வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஒரேயடியாக இறுக்கிவிடவும் கூடாது. ஃப்ரீ பிளேயே இல்லாமல் போனால் ரிலீஸ் பேரிங் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், கிளட்ச் ஸ்லிப் ஆகும்.

கிளட்ச் பிளேட் தேய்ந்ததால்தான் கியர் விழவில்லை என்கிறார்கள். உண்மையா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு வேறு நோய்களை ஒன்றாக்கிவிடுகிறார்கள். பிளேட் தேய்ந்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். அதாவது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் உறுமும், வேகம் ஏறாது, மேட்டில் கருகிய வாசனை வரும். ஆனால் கியர் நன்றாகவே விழும். கியர் விழாதது இதற்கு நேர் எதிர்: கிளட்ச் பிடிக்கவில்லை என்பதல்ல, விட மறுக்கிறது.

பிளேட் பக்கமே காரணமாக இருக்கும் நேரங்களும் உண்டு. பிளேட்டின் ஸ்ப்ரிங்கோ லைனிங் துண்டோ உடைந்து இடையில் சிக்கினால், பிளேட் வளைந்தால், பிரஷர் பிளேட்டின் விரல்கள் உடைந்தால், ஃபோர்க் விரிசல் விட்டால் கியர் விழாது. பின்சக்கர இழுவைக் கார்களில் இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலின் நடுவில் இருக்கும் பைலட் பேரிங் இறுகினாலும் இதே கதி. ஆனால் இவை எல்லாமே ஹைட்ராலிக்கையும் கேபிளையும் பார்த்து முடித்த பிறகு சந்தேகப்பட வேண்டியவை.

மாதக்கணக்கில் நின்ற காரை இன்று எடுத்தேன். ஒரு கியரும் விழவில்லை.

ஈரப்பதத்தால் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். பெடலில் ஒரு குறையும் தெரியாது. இன்ஜினைச் சூடேற வைத்து நிறுத்துங்கள். பிறகு பெடலை மிதித்த நிலையில் ஒரு கட்டை கொடுத்துச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். பல சமயம் இதிலேயே விட்டுவிடும். விடவில்லை என்றால், காலியான பெரிய மைதானத்தில் முதல் கியரில் ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரைக் கொடுத்துக் கொடுத்து விடுவது வழக்கம். ஸ்டார்ட் ஆன கணமே வண்டி ஓடத் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள், சுவருக்கு முன்னால் நின்று செய்யக் கூடாத வேலை இது. பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடலாம்.

ராடு சேற்றில் நட்ட கம்பு மாதிரி எல்லாப் பக்கமும் ஆடுகிறது. கியரே எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

இதைக் கேட்டால் எனக்கு நிம்மதிதான் வரும், ஏனென்றால் பெரும்பாலும் சின்ன வேலை. ராடுக்கு அடியிலிருந்து போகும் கேபிளின் முனை, கியர்பாக்ஸ் மேலுள்ள லீவரின் குண்டில் ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷால் மாட்டியிருக்கும். புஷ் உடைந்தால் கேபிள் கழன்றுவிடும்.

என் காரில் ஒருமுறை இது நடந்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது மாற்றும்போது ராடு கையோடு வந்துவிட்டது. முதலில் காட்டிய இடத்தில் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். நான் பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவரை ராடை அசைக்கச் சொல்லிப் பார்த்தேன். கேபிள் அசைந்தது, லீவர் அசையவில்லை. கட்டைவிரல் அளவு புஷ் உடைந்து கீழே கிடந்தது. புதிது போட்டுப் பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. அன்றிலிருந்து யார் கியர் விழவில்லை என்றாலும் லீவர் அசைகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு.

இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டுகள் உடைந்திருந்தாலும் மொத்தமும் சாய்ந்து கேபிள் அளவு மாறிவிடும். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ராடு தானாக நகர்ந்தால் மவுண்டைப் பாருங்கள்.

ஒரே ஒரு கியரில் மட்டும் கரகர சத்தம்.

அந்த கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டு பாகங்களின் வேகத்தையும் சமமாக்கிவிட்டுப் பற்களைச் சேர்ப்பது அதன் வேலை. அதிகம் பாடுபடுவது இரண்டாவது கியர், அதனால் பெரும்பாலும் அதுதான் முதலில் போகும். மெதுவாக மாற்றினால் விழுகிறது, அவசரமாக மாற்றினால் கரகரக்கிறது என்பது தொடக்க நிலை. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டிய உண்மையான வேலைகளில் இதுவும் ஒன்று. அதற்கு முன் ஆயிலை மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஆயில் மாற்றினால் சரியாகுமா?

சில நேரம் ஆகும். மட்டம் குறைந்திருந்தாலோ தவறான ஆயில் ஊற்றியிருந்தாலோ வித்தியாசம் நன்றாகவே தெரியும். 75டபிள்யூ-90 என்று ஆயிலின் கெட்டித்தன்மை எண் ஒன்றாக இருந்தாலும் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற இரண்டு வகைகளும் வேறு. பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள கியர்பாக்ஸ் ஜிஎல்-4 கேட்டால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 ஆயிலில் அதிகமாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளையை அரிக்கலாம், வழுக்கல் கூடி சிங்க்ரோவின் பிடியும் குறையலாம்.

வடிக்கும் போல்ட்டைத் திறக்கும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது கழல மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் மட்டும் ராடு கனமாக இருந்து பிறகு சரியானால் அது கெட்டியான ஆயில்தான். பயப்பட ஒன்றுமில்லை.

ரிவர்ஸ் மட்டும் விழவில்லை.

வண்டி முழுக்க நின்றதா? கிளட்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி ஆனதா? ஆகியும் முட்டினால், ஒருமுறை முதல் கியரில் போட்டுவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். முன் கியரின் சிங்க்ரோ சுற்றும் ஷாஃப்டை நிறுத்திவிடும். ராடில் தூக்கும் வளையமோ அழுத்தும் பூட்டோ உள்ள கார்களில் அதன் உள் கேபிள் அறுந்தாலும் ரிவர்ஸ் மட்டும் விழாது.

புது கிளட்ச் போட்ட உடனே கியர் விழவில்லை. என்ன தவறு?

வேலை செய்த இடத்துக்கே திரும்பிப் போங்கள். லைனில் காற்று மீதி இருக்கலாம். கேபிள் அட்ஜஸ்ட் ஆகாமல் இருக்கலாம். பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம், அல்லது வேறு மாடலின் பிளேட்டாக இருக்கலாம். கியர்பாக்ஸைச் சேர்க்கும்போது அதன் எடையைப் பிளேட்டின் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். முதல் இரண்டும் கீழே இறக்காமலே சரியாகும். மற்றவை இறக்காமல் ஆகாது.

நடு ரோட்டில் நின்றுவிட்டேன். ஓரமாக எடுப்பது எப்படி?

அபாய விளக்கைப் போடுங்கள். தள்ள ஆள் இருந்தால் நியூட்ரலில் தள்ளுவதே பாதுகாப்பு. ஆள் இல்லை, பின்னால் வண்டிகள் வருகின்றன என்றால், இன்ஜினை நிறுத்தி முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கிளட்ச் ரிலீஸ் ஆகாததால் வண்டி உடனே நகரும். முன்னால் இடம் இருக்க வேண்டும், கால் பிரேக்குக்குத் தயாராக இருக்க வேண்டும். நிறுத்த பிரேக்கை மிதித்து இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஓரம் வரை போவதற்கு மட்டும்தான் இது, வீடு வரை போவதற்கு அல்ல.

ஆட்டோமேட்டிக்கில் பி-யிலிருந்து லீவர் நகரவே இல்லை.

பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லிப் பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரிகிறதா? பிரேக் மிதித்த செய்தி போனால்தான் லீவரின் பூட்டு திறக்கும். விளக்கு எரியவில்லை என்றால் பெடலுக்கு மேலுள்ள பிரேக் சுவிட்சோ ஃபியூஸோதான் காரணம். சின்னப் பொருள், சின்ன வேலை. ஆனால் பிரேக் விளக்கு இல்லாத காரை ரோட்டில் ஓட்டக் கூடாது. விளக்கு எரிந்தும் நகரவில்லை என்றால் பூட்டை மின்சாரத்தால் திறக்கும் சோலினாய்டைப் பார்க்க வேண்டும். பல கார்களில் லீவர் அருகே சிறிய மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து உள்ளே அழுத்தினால் பூட்டு தற்காலிகமாக விடும்.

சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் பி-யில் நிறுத்தினால் காரின் மொத்த எடையும் உள்ளே ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் தொங்கும், லீவரை எடுப்பது கடினமாகலாம். முதலில் நியூட்ரலில் ஹேண்ட்பிரேக், பிறகு கால் பிரேக்கை விட்டு எடை ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்த பின் மறுபடி பிரேக்கை மிதித்து பி.

டி-யில் போட்டும் வண்டி நகர நேரமாகிறது, அல்லது நகரவே இல்லை.

ஆயில் மட்டத்தைப் பாருங்கள். குச்சி உள்ள பல கார்களில் இன்ஜின் சூடாகி ஐடிலில் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் முறை வேறு, கையேட்டைப் பாருங்கள். கருத்துக் கருகிய வாசனை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். பி0700 என்ற எண் வந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். கூடவே பதிவாகியிருக்கும் எண்தான் காரணத்தைச் சொல்லும்.

ஏஎம்டி கார்களில் (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் வகை) கிளட்சையும் கியரையும் மோட்டாரோ பம்ப்போ இயக்குகிறது. பேட்டரி பலவீனமானாலே கியர் விழாமல் போகலாம். பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் முதலில் பாருங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"கியர் விழவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்ஜின் நிற்கும்போது விழுகிறதா, எல்லா கியருமா ஒன்றா, திடீரென்றா மெல்ல மெல்லவா, சூடானால் மட்டுமா, பம்ப் செய்தால் விழுகிறதா, பெடல் எப்படி இருக்கிறது: இந்த ஆறையும் சொல்லுங்கள். சத்தம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெடலை மிதிக்கும்போது சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் பெடலை விட்டால் சத்தம் வந்து, மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால், கேபிள் முனையையும் ஸ்லேவ் சிலிண்டரின் அசைவையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பார்த்தவர் என்ன கண்டார் என்று உடனே சொல்வார். பார்க்கவில்லை என்றால், உங்கள் முன்னாலேயே பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.